கோயில் வேலையில் மனம் ஒட்டவில்லை

கேள்வி: டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். வயது 61. ஓய்வு பெற்றதிலிருந்து கோயிலில் அன்னதானச் சமையல், சனிக்கிழமை பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு இரண்டையும் சம்பளமில்லாமல் செய்கிறேன். முன்பெல்லாம் தைப்பூசக் காவடி நெருங்கினால் கால் தரையில் நிற்காது. இப்போது சனிக்கிழமை விடிந்தாலே அலுப்பு. “உனக்கு என்னதாம்மா பிடிக்கும்?” என்று மகள் கேட்டாள், பதில் வரவில்லை. சர்க்கரைக்குப் பல வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். சைவம்தான். இது மனநோயா டாக்டர்?

பதில்: அம்மா, முக்கியமான ஒன்றை நீங்கள் எழுதவில்லை. அலுப்பு கோயில் வேலையில் மட்டுமா, எல்லாவற்றிலுமா? பேரப்பிள்ளைகள் வந்தால் சந்தோஷமாக இருக்கிறதா? பசி, தூக்கம் எப்படி? கடந்த 2 வாரங்களில் பாதி நாளுக்கு மேல் எதிலும் நாட்டமில்லாமலோ, மனம் சோர்ந்தோ இருந்தீர்களா? ஆம் என்றால் மனச்சோர்வு நோய் இருக்கிறதா என்று முறையாகப் பார்க்க வேண்டும். அதற்குப் பேச்சு சிகிச்சையும் மருந்தும் உண்டு. வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்: 0800 567 567 என்ற இலவச எண்ணில் பேசுங்கள், மகளிடமும் சொல்லுங்கள்.

மனத்தைக் குறை சொல்லும் முன் ரத்தத்தையும் பார்த்துவிடலாம். மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிட்டால் சிலருக்கு வைட்டமின் பி12 குறையும். புரட்டாசியில் மட்டுமல்லாமல் ஆண்டு முழுதும் சைவம் என்றால் அதற்கு வாய்ப்பு இன்னும் கூடுதல். பி12 குறைந்தால் களைப்பு, மறதி, மனவாட்டம், பாதத்தில் மதமதப்பு எல்லாம் வரலாம். மதமதப்பைச் சர்க்கரையின் தலையில் போட்டுவிட்டுப் பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். பி12, தைராய்டு, ஹீமோகுளோபின், மூன்று மாதச் சர்க்கரை அளவான எச்பிஏ1சி ஆகியவற்றைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்து, அலுப்பும் கோயிலோடு நின்றுவிடுகிறது என்றால் அது நோயல்ல. வேலை அழுத்தத்தால் வரும் சலிப்பை (பர்ன்அவுட்) உலகச் சுகாதார நிறுவனமே 2019இல் நோய் என்று வகைப்படுத்தாமல், வேலை சார்ந்த நிலை என்றுதான் வைத்தது. அவர்கள் சொன்னது உத்தியோகத்துக்கு. ஆனால் சம்பளம் இல்லையென்பதால் அண்டாவின் கனம் குறைந்துவிடுமா? உத்தியோகத்தில் லீவு கேட்கலாம். சேவையில் கேட்டால் பக்தி குறைந்துவிட்டது என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களில் எத்தனை பேர் அண்டா தூக்கியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்று: வேலையே மாறிப்போயிருக்கலாம். ‘அ’ எழுதச் சொல்லிக்கொடுக்கப் போனவர் மெல்ல மெல்லக் கணக்கு, வாட்ஸ்அப் குழு, கமிட்டிச் சண்டை எல்லாவற்றையும் சுமப்பதைப் பார்த்திருக்கிறேன். வகுப்பு கசக்கிறதா, வகுப்புக்குப் பின் நடக்கும் கூட்டம் கசக்கிறதா? இரண்டையும் ஒன்றாகக் கட்டி வைத்துக்கொண்டு எல்லாமே வேண்டாம் என்று தோன்றுகிறதோ என்னவோ.

மகள் கேட்ட கேள்விக்கு உட்கார்ந்து யோசித்தால் விடை கிடைக்காது. சோர்ந்த மனத்துக்குப் பழைய சந்தோஷம் சுலபத்தில் ஞாபகம் வராது. வரப்போவதையும் குறைத்தே மதிப்பிடும். அதனால் 2 வாரம் ஒரு நோட்டு வையுங்கள். எதைச் செய்தாலும், செய்து முடித்த சூட்டோடு 2 மதிப்பெண் போடுங்கள், 0 முதல் 10 வரை: எவ்வளவு சந்தோஷம், எவ்வளவு நிறைவு. சமையலுக்குச் சந்தோஷம் 2, நிறைவு 8 வரலாம். பக்கத்து வீட்டம்மாவோடு தேநீருக்கு இரண்டிலும் 7 வரலாம். கிளம்பும் முன் தோன்றியதை எழுத வேண்டாம். கோயில் தவிர வேறு ஏதாவது 2 காரியமும் அதில் இருக்கட்டும்: நீங்கள் விட்டுவிட்ட தையலோ, கடற்கரை நடையோ.

பிறகு ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை 3 மாதம் விடுங்கள். திருவிழா வாரத்தில் சொல்லாமல் முன்கூட்டியே சொல்லுங்கள். “இந்த வருஷம் ஆடிக் கூழுக்கு வேறு ஆளைப் பாருங்கள்” என்றால் போதும். காரணம் சொல்லக் கடமையில்லை. நோட்டையும் ரத்தப் பரிசோதனை முடிவையும் எடுத்துக்கொண்டு உங்கள் கிளினிக் டாக்டரைப் பாருங்கள். பாதத்தில் மதமதப்பு இருந்தால் 2 வாரம் காத்திருக்காமல் இந்த வாரமே போங்கள்.