கோழிகள் தின்ன மறுத்த நாள்

கேள்வி: ரோமானியத் தளபதிகள் போருக்கு முன் கோழிகளிடம் சகுனம் பார்த்தார்களாமே, அதை மீறியவர் எவரேனும் உண்டா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: உண்டு. படையோடு கூண்டுக் கோழிகளும் அவற்றைக் காக்கத் தனி ஆளும் செல்வது வழக்கம். தீனி வைத்ததும், அலகிலிருந்து மணிகள் தரையில் சிந்துமளவுக்கு அவை ஆவலாகக் கொத்தினால் நற்சகுனம், தொடாவிட்டால் அன்று போர் கூடாது. பட்டினி போட்டு அடைத்த கோழி சிந்தாமல் தின்னுமா என்று, தாமே சகுனம் பார்க்கும் குருவாக இருந்த ரோமானியப் பேச்சாளர் சிசரோ பிற்காலத்தில் கேலி செய்தார்.

ரோமும் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் அரசும் மோதிய முதல் பியூனிக் போரில், கி.மு. 249இல், சிசிலியின் டிரெபானா துறைமுகத்தைத் தாக்கவிருந்த கான்சல் (ரோமின் தலைமை ஆட்சியாளர்) புப்லியஸ் கிளாடியஸ் புல்கர், கோழிகள் தின்ன மறுத்ததும், "தின்னாவிட்டால் குடிக்கட்டும்" என்று அவற்றைக் கடலில் எறியச் செய்ததாகக் கூறுவர். அவருடைய முன்வரிசைக் கப்பல்கள் துறைமுகத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தபோதே, கார்த்தேஜின் தளபதி அதெர்பால் தம் கடற்படையை மறுபக்கமாகத் திறந்த கடலுக்குக் கொண்டுபோய்விட்டார். திரும்புமாறு உத்தரவு வந்ததும், உள்ளே சென்றவையும் பின்னால் வந்தவையும் வாயிலில் மோதித் துடுப்புகள் ஒடிந்தன. பின்னர் கரையோரம் நெருக்குண்ட ரோமானியக் கப்பல்களில் 93 பிடிபட, ஏறத்தாழ 30 கப்பல்களுடன் புல்கர் தப்பினார். ரோமில் அவருக்குக் கிடைத்தது வழக்கும் பெரும் அபராதமும்.

இப்போரை விரிவாக எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் போலிபியஸ் கோழிகளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதால், அக்கதை பின்னர் சேர்ந்ததாக இருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.