பழைய தரவுத்தளத்தோடு உள்ளடக்க மேலாண்மை அமைப்பைச் சேர்ப்பது: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் நூலகத் தளத்தைப் பிஎச்பி நிரல்மொழியில் நாங்களே எழுதினோம். நூற்பட்டியல், உறுப்பினர், இரவல் விவரங்கள் அனைத்தும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் உள்ளன. அறிவிப்புப் பக்கத்தில் ஒரு வரியைத் திருத்தவும் நிரலரைத் தேட வேண்டியிருக்கிறது. தளம் முழுவதையும் வேர்ட்பிரஸ் என்ற உள்ளடக்க மேலாண்மை அமைப்புக்கு மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் தொல்லை அறிவிப்புப் பக்கத்தில்தான் இருக்கிறது, இரவல் கணக்கில் இல்லை. வேர்ட்பிரஸ் பதிவுகளையும் பக்கங்களையும் ஒரே அட்டவணையில் வைத்துக்கொண்டு, கூடுதல் விவரங்களை வேறோர் அட்டவணையில் பெயரும் மதிப்புமாக, விவரத்துக்கு ஒரு வரிசை என்று எழுதும். ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, அடுக்கு எண், படிகள், நிலை என்று ஆறு புலங்கள் கொண்ட ஒரு நூல் இன்று உங்களிடம் ஒரே வரிசையில் அடங்குகிறது. அங்கே அது, பதிவுக்கு ஒன்றும் புலங்களுக்கு ஆறுமாக, ஏழு வரிசைகளாகும். 20,000 நூல்கள் இருந்தால் 1,40,000 வரிசைகள். அந்த மதிப்புப் புலம் வெறும் உரை என்பதாலும், தேடலை விரைவாக்கும் சுட்டெண் இயல்பாக அதற்குக் கிடையாது என்பதாலும், ‘1990 முதல் 2000 வரை வெளிவந்தவை’ என்ற எளிய தேடல்கூட இழுத்தடிக்கும்.

வேர்ட்பிரஸைத் துணைக் கோப்புறை ஒன்றில், தனித் தரவுத்தளத்துடன் நிறுவுங்கள். அறிவிப்பு, நிகழ்ச்சி, ‘எங்களைப் பற்றி’ ஆகியவை மட்டும் அங்கே போகட்டும். தலைப்பகுதியும் பட்டியும் இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்குமாறு வார்ப்புருவை அமைத்துவிட்டால், வாசகருக்கு வேறுபாடு தெரியாது. ஓர் அட்டவணையில் எழுதும் உரிமை ஒரே நிரலுக்குத்தான் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

கேள்வி: அப்படியானால் ‘இம்மாதப் புதிய நூல்கள்’ போன்ற பட்டியலை வேர்ட்பிரஸ் பக்கத்தில் காட்டுவது எப்படி?

பதில்: வேர்ட்பிரஸில் சேர்க்கும் சிறிய துணைநிரல் (செருகுநிரல்) ஒன்று எழுதி, அதில் பழைய தரவுத்தளத்துக்கு இரண்டாவது இணைப்பை ஏற்படுத்துங்கள். பக்கத்தில் ஆசிரியர் குழு ஒரு குறுங்குறியீட்டை (செருகுநிரலை அழைக்கும் சிறு சொல்லை) இட்டால், அந்த இடத்தில் பட்டியல் வந்து நிற்கும். அந்த இணைப்புக்கென்று, படிக்கும் உரிமை மட்டுமே உள்ள தனிப் பயனரை உருவாக்க மறக்காதீர்கள். நான் ஒருமுறை சோம்பலால் பழைய நிரலின் பயனர் கணக்கையே கொடுத்துவிட்டேன். சோதனைக்காக எழுதிய ஓர் ஆணை உறுப்பினர்களின் முகவரிப் புலத்தைக் காலியாக்கியது, முந்தைய இரவின் காப்புநகல்தான் காப்பாற்றியது. அட்டவணையை நேரடியாகத் தொடாமல், தேவையான நெடுவரிசைகளை மட்டும் காட்டும் ஒரு ‘வியூ’ அமைத்து அதிலிருந்து படித்தால், நாளை அட்டவணை மாறினாலும் வியூவை மட்டும் திருத்தினால் போதும்.

கேள்வி: எனக்குப் பக்கங்கள் தேவையில்லை. இருக்கும் அட்டவணைகளைத் திருத்த நல்ல படிவங்கள் கிடைத்தால் போதும்.

பதில்: டைரக்டஸ் என்ற மென்பொருளைப் பாருங்கள். அது இருக்கும் அட்டவணைகளின் அமைப்பைப் படித்துப் படிவங்களைத் தானே உருவாக்கும். தன் சொந்த அட்டவணைகளையும் அதே தரவுத்தளத்தில் சேர்க்கும். ஆனால் இரண்டு நெடுவரிசைகள் சேர்ந்து முதன்மைத் திறவாக (ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டுவதாக) இருக்கும் அட்டவணையை அது ஏற்காது. பைத்தான் அறிந்தவர் உடன் இருந்தால் ஜாங்கோ என்ற பைத்தான் கட்டமைப்பின் நிர்வாகப் பகுதியும் இதே வேலையைச் செய்யும்.

கேள்வி: உறுப்பினர்களின் கடவுச்சொற்கள் எம்டி5 என்ற பழைய மறைப்பு முறையில் உள்ளன. வேர்ட்பிரஸுக்கு எப்படிக் கொண்டுபோவது?

பதில்: முதலில், கொண்டுபோகத்தான் வேண்டுமா? அங்கே உள்நுழைய வேண்டியவர்கள் அறிவிப்பு எழுதும் மூன்று, நான்கு பேர் மட்டுமே என்றால், அவர்களுக்குப் புதுக் கணக்குகளே போதும். எப்படியும் எம்டி5 இன்று பாதுகாப்பானதன்று. பழைய நிரலிலேயே, உறுப்பினர் அடுத்த முறை நுழையும்போது பழைய முறையில் சரிபார்த்து, அந்தக் கணமே பிகிரிப்ட் என்ற வலுவான முறையில் மாற்றிச் சேமித்துவிடுங்கள்.

கேள்வி: பழைய தளத்தில் தமிழ் சரியாகத் தெரிகிறது. அதே புலத்தைப் புதிய அமைப்பு படித்தால் ஒவ்வோர் எழுத்தும் மூன்று விநோத லத்தீன் குறிகளாக வருகிறது. தரவு கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறையில் மூன்று பைட்டுகள் கொள்ளும். உங்கள் நெடுவரிசையும் பழைய இணைப்பும் லத்தீன்1 (ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு கொள்ளும் குறியாக்கம்) என்று அறிவிக்கப்பட்டிருப்பதால், பைட்டுகள் கேள்வியின்றி உள்ளே போய் அப்படியே வெளியே வந்தன. புதிய இணைப்பு யுடிஎஃப்-8 என்று சொல்லிக் கேட்டதும், மைஎஸ்கியூஎல் ஒவ்வொரு பைட்டையும் ஒரு லத்தீன் எழுத்தாகக் கருதிக் குறியாக்கம் மாற்றித் தருகிறது. நேரடியாக எழுத்துக் குறியாக்க மாற்று ஆணையை இட்டால் அந்தக் குழப்பம் நிரந்தரமாகிவிடும். காப்புநகல் எடுத்தபின், நெடுவரிசையை முதலில் பிளாப் வகைக்கு (குறியாக்கம் ஏதுமற்ற வெறும் பைட்டுகளாக) மாற்றி, அங்கிருந்து ‘யுடிஎஃப்8எம்பி4’ உரையாக மாற்றுங்கள். அதே வேளையில் பழைய நிரலின் இணைப்பையும் மாற்றுங்கள். மைஎஸ்கியூஎல்லில் வெறும் ‘யுடிஎஃப்8’ என்பது நீண்ட காலமாக மூன்று பைட்டு வரைதான் ஏற்றது, அதில் எமோஜி அடங்காது. மாறாக, சேமிக்கப்பட்டிருப்பதே கேள்விக்குறிகள் என்றால் மீட்க வழியில்லை.

கேள்வி: பழைய இணைய முகவரிகள்?

பதில்: நூல் பக்கங்கள் நகரவில்லை, அவற்றைத் தொட வேண்டாம். இடம் மாறிய அறிவிப்புகளுக்கு மட்டும், பழைய எண்ணையும் புதிய முகவரியையும் ஒரு சிறு அட்டவணையில் எழுதி, 301 எனப்படும் நிரந்தர வழிமாற்றுக் கொடுங்கள். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிடாதீர்கள். ஓர் அறிவிப்பைத் தேடி வந்தவர் முகப்பில் என்ன செய்வார்?