வெளிநாட்டுக் கார்டில் வரும் பணம் திரும்பப் போகாமல் இருக்க

கேள்வி: சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை எடுத்து இன்ஸ்டாகிராமிலும் சொந்த வெப்சைட்டிலும் விற்கிறேன். சிங்கப்பூர், கனடா, அமெரிக்காவில் இருந்து நிறையப் பேர் கேட்கிறார்கள். ஆனால் அவர்கள் கார்டைப் போட்டால் ‘பேமென்ட் ஃபெயில்டு’ என்றுதான் வருகிறது. நம் ஊர் கார்டும் ஜிபேயும் நன்றாக வேலை செய்கின்றன. பேபால் நல்லதா, வேறு கேட்வே நல்லதா? எதில் கமிஷன் குறைவு? சிங்கப்பூரில் அண்ணன் இருக்கிறார். அவர் கணக்கில் பணத்தை வாங்கி அனுப்பச் சொல்லலாமா?
பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். அண்ணன் கணக்கு வேண்டாம். சேலை உங்கள் பெயரில் கஸ்டம்ஸைத் தாண்டிப் போகும், பணம் அவர் கணக்கில் விழும். அவர் அதை உங்களுக்கு அனுப்பும்போது, குடும்பத்துக்கு அனுப்பிய பணம் என்றே இங்குள்ள வங்கியில் பதிவாகும். ஏற்றுமதி செய்த பொருளுக்கு வந்த பணம் என்று காட்ட உங்களிடம் ஒரு தாள்கூட இருக்காது. அங்கே அவர் வேலை பாஸில் (வேலைக்கான அனுமதியில்) இருந்தால் அவருக்கும் தலைவலி.

கார்டு ஏன் ஃபெயில் ஆகிறது? பெரும்பாலும் உங்கள் கேட்வேயில் (கார்டுப் பணத்தை வாங்கி உங்கள் கணக்கில் சேர்க்கும் நிறுவனத்தில்) வெளிநாட்டு கார்டு வசதியே திறக்கப்பட்டிருக்காது. ரேசர்பே, பேயூ, சிசிஅவென்யூ, கேஷ்ஃப்ரீ போன்றவற்றில் கணக்குத் தொடங்கியதும் உள்நாட்டுக் கார்டு, யூபிஐ எல்லாம் வந்துவிடும். வெளிநாட்டு கார்டுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அப்போது உங்கள் வெப்சைட்டைத் திறந்து பார்ப்பார்கள். முகவரி, போன் நம்பர், ரிட்டர்ன் விதி, எத்தனை நாளில் டெலிவரி என்ற விவரம், பிரைவசி பாலிசி ஆகியவை தனித்தனிப் பக்கங்களாக இல்லையென்றால் விண்ணப்பம் திரும்பி வரும். இன்ஸ்டா பக்கம் மட்டும் வைத்திருப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். விசாவும் மாஸ்டர்கார்டும் திறந்த பிறகும் அமெக்ஸுக்கு (அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கார்டுக்கு) தனி அனுமதி கேட்பது உண்டு. அமெரிக்க வாடிக்கையாளர் இருப்பதால் அதையும் சேர்த்தே கேளுங்கள். யூடியூபில் ஸ்ட்ரைப் என்று ஒரு கேட்வேயைப் புகழ்வார்கள். இந்தியாவில் அது 2024 முதல் அழைப்பின் பேரில்தான் புதுக் கணக்கு கொடுக்கிறது. அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

சரி, கமிஷன். நம் ஊர் கேட்வேக்களில் வெளிநாட்டு கார்டுக்கு 3 சதவீதத்தை ஒட்டி எடுப்பார்கள், அந்தக் கமிஷன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 4,000 ரூபாய் ஆர்டருக்குக் கமிஷன் 120, வரி 21 ரூபாய் 60 காசு. கையில் வருவது 3,858 ரூபாய் 40 காசு. பேபாலில் 4.4 சதவீதமும் ஆர்டருக்கு 30 சென்ட்டும் போகும். 50 டாலர் ஆர்டரில் இரண்டரை டாலர் அப்படிப் போனது போக மீதம் 47.50. அதை ரூபாயாக மாற்றும்போது சந்தை விலையைவிட 3, 4 சதவீதம் குறைத்துத்தான் தருவார்கள். அதையும் சேர்த்தால் மொத்தத்தில் ஏறக்குறைய 8 சதவீதம் போய்விடுகிறது. பலர் இந்த இரண்டாவது வெட்டைக் கவனிப்பதில்லை. விகிதங்கள் மாறக்கூடியவை, விண்ணப்பிக்கும் அன்றைக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் பேபால் வேண்டாமா? முழுக்க ஒதுக்க மாட்டேன். உங்கள் பெயரையே கேள்விப்படாத ஒரு வெளிநாட்டுக்காரர் பேபால் பட்டனைப் பார்த்தால் தைரியமாக வாங்குவார். நீங்கள் விற்பது பெரும்பாலும் நம் ஆட்களுக்கு. அவர்களுக்கு உள்ளூர் கேட்வே போதும். பேபாலை இரண்டாவது பட்டனாக வைத்துக்கொள்ளலாம். அது 2021 ஏப்ரல் முதல் இந்தியாவுக்குள் நடக்கும் விற்பனைக்கு வேலை செய்வதில்லை, வெளிநாட்டுப் பணத்துக்கு மட்டும்தான்.

ஆனால் உண்மையில் கமிஷனைப் பார்த்துக் கேட்வேயைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு சதவீதம் கூடக் குறைய இருந்தால் 4,000 ரூபாய் சேலைக்கு 40 ரூபாய்தான் வித்தியாசம். ஒரு சார்ஜ்பேக் வந்தால், அதாவது கார்டுக்காரர் தன் வங்கியில் புகார் செய்து பணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டால், சேலையும் போச்சு, நாலாயிரமும் போச்சு, தபால் செலவும் போச்சு.

அது என்ன என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் ஊர் கார்டில் வாங்கினால் ஓடிபி வரும். வெளிநாட்டு கார்டுகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, நம்பரும் பின்னால் உள்ள மூன்று இலக்கமும் தெரிந்தால் பல கார்டுகளில் பணம் ஏறிவிடும். அதனால் கார்டுக்காரர் தன் வங்கியிடம் ‘இதை நான் வாங்கவில்லை’, ‘பொருள் வரவில்லை’, ‘சொன்ன பொருள் இது இல்லை’ என்று புகார் கொடுத்தால், வங்கி முதலில் அவர் பக்கம்தான் நிற்கும். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் இதற்குப் பொதுவாக 120 நாள் அவகாசம். உங்கள் கணக்கில் பணம் வந்து, நீங்கள் நெசவாளருக்குக் கொடுத்து, அடுத்த சரக்கும் எடுத்த பிறகு புகார் வரலாம். கேட்வே அந்தத் தொகையை உங்களுக்கு அடுத்து அனுப்பும் பணத்தில் கழித்துக்கொண்டு, சில நாள் கெடு வைத்து ஆதாரம் கேட்டு ஈமெயில் அனுப்பும். பதில் போடாவிட்டால் தோற்றதாகவே கணக்கு. அந்த ஈமெயில் புரமோஷன் மெயில்களுக்கு நடுவே கிடப்பதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

‘நான் வாங்கவில்லை’ என்ற புகாருக்கு ஒரு தடுப்பு உண்டு. 3டி செக்யூர் என்ற சரிபார்ப்பைக் கட்டாயமாக்கும் வசதி இருக்கிறதா என்று கேட்வேயிடம் கேளுங்கள். வாங்குபவரின் வங்கியே அவரைச் சரிபார்த்து அனுப்பியிருந்தால், திருட்டு கார்டு நஷ்டம் பொதுவாக அந்த வங்கியையே சேரும். சில அமெரிக்க கார்டுகள் இதில் தடுமாறி ஃபெயில் ஆகும். ஆனாலும் ஆரம்பத்தில் கட்டாயமாகவே வைத்திருங்கள்.

இன்னொரு சங்கதி சின்னது, ஆனால் நிறையப் புகார் இதில்தான் வருகிறது. வாடிக்கையாளரின் கார்டு ஸ்டேட்மென்ட்டில் உங்கள் கடைப் பெயர் வர வேண்டும். புரொப்ரைட்டர் (தனி உரிமையாளர்) கணக்கு என்றால் சில சமயம் உங்கள் கணவர் பெயரோ, யாருக்கும் புரியாத சுருக்கமோ வந்து நிற்கும். டொரன்டோவில் இருக்கும் அம்மா வாங்கியிருப்பார். மாதக் கடைசியில் மகன் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்து, ‘யார் இது, திருட்டு’ என்று வங்கிக்குப் போன் போட்டுவிடுவார். வெளிநாட்டில் இருக்கும் தெரிந்தவர் ஒருவரை அவரது சொந்த கார்டில் ஒரு சேலை வாங்கச் சொல்லி, ஸ்டேட்மென்ட்டில் என்ன பெயர் விழுகிறது என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தவறாக இருந்தால் கேட்வேயிடம் சொல்லி மாற்றலாம்.

‘சொன்ன பொருள் இல்லை’ என்ற புகார் உங்கள் தொழிலில் தனி வகை. இன்று சுங்குடி என்ற பெயரில் கையால் முடிச்சுப் போட்டதும் விற்கிறது, மெழுகு அச்சிலும் ஸ்கிரீனிலும் அடித்ததும் விற்கிறது. அச்சடித்ததை ‘கைமுடிச்சு’ என்று எழுதி விற்றால், வாங்கியவர் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். சார்ஜ்பேக்கில் உங்கள் பக்கம் நிற்க ஒன்றும் இருக்காது. எது எது என்று ஒவ்வொரு சேலைக்கும் எழுதுங்கள். முதல் துவையலில் சாயம் கொஞ்சம் இறங்கும், புள்ளிகள் ஒரே அளவில் இருக்காது என்பதையும் சேலைப் படத்துக்குக் கீழேயே போடுங்கள். தனிப் பக்கத்தில் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள். தவறு உங்கள் மேல் என்று தெரிந்தால் புகார் வரும்வரை இழுக்காமல் நீங்களே பணத்தைத் திருப்பிவிடுங்கள். சார்ஜ்பேக் எண்ணிக்கை ஏறினால் கேட்வே வெளிநாட்டு கார்டையே மூடிவிடும்.

கார்டை வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்புகிறேன் என்பார்கள் சிலர், நம்பிக்கையால்தான். வாங்காதீர்கள், பேமென்ட் லிங்க் அனுப்புங்கள். ஒருவர் பத்துச் சேலை ஒன்றாக ஆர்டர் செய்து, விலைகூடப் பேசாமல், ‘என் ஷிப்பிங் ஏஜென்ட்டுக்கும் சேர்த்து கார்டில் எடுத்துக்கொள்ளுங்கள், அவருக்கு நீங்கள் அனுப்பிவிடுங்கள்’ என்றால் பதிலே போட வேண்டாம். கார்டு திருட்டு, ஏஜென்ட் அவரேதான். அதேபோல் ஒரே இரவில் வேறு வேறு கார்டில் சின்னச் சின்னத் தொகைக்கு முயற்சி நடந்தால், திருடிய நம்பர்களில் எது வேலை செய்கிறது என்று உங்கள் கடையில் சோதிக்கிறார்கள். கேட்வேக்கு உடனே சொல்லுங்கள்.

அப்புறம் காகிதங்கள். பொருள் ஏற்றுமதிக்கு ஐஇசி என்ற இறக்குமதி-ஏற்றுமதி நம்பர் வேண்டும். டிஜிஎஃப்டி, அதாவது வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககத்தின் இணையதளத்தில் எடுக்க 500 ரூபாய். ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் முதல் ஜூன் வரைக்குள், மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும், உள்ளே போய்ப் புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் முடங்கிவிடும். ஜிஎஸ்டி பதிவு பற்றி ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள். பதிவு இருந்தால் ஆண்டுதோறும் எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதத்தைத் தாக்கல் செய்து வரி கட்டாமல் ஏற்றுமதி செய்யலாம். கேட்வேயில் ‘பர்ப்பஸ் கோட்’ (பணம் எதற்காக வருகிறது என்ற குறியீடு) கேட்கும் இடத்தில், வீடியோவில் பார்த்த பி0802 என்பதைப் போட்டுவிடாதீர்கள். அது மென்பொருள்காரர்களுக்கானது. பொருள் ஏற்றுமதிக்கு பி01 என்று தொடங்குபவை. வெளிநாட்டு வரவுக்கான அத்தாட்சி, எஃப்ஐஆர்ஏ என்பார்கள், அதை எப்படித் தருகிறார்கள் என்று சேரும் முன்பே கேளுங்கள். நான் கேட்வே தேர்ந்தெடுத்தால் முதல் கேள்வி இதுதான். எல்லை தாண்டிய பணத்தைக் கையாள ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் தனி அங்கீகாரம் கொண்டுவந்தது. அது அவர்களிடம் இருக்கிறதா என்பது இரண்டாவது.

கூரியர் ஏஜென்ட் ‘கிஃப்ட்னு போட்டுக்கலாம் மேடம், சுலபம்’ என்பார். போடாதீர்கள். அப்படிப் போனால் அது ஏற்றுமதியாகவே பதிவாகாது, வந்த கார்டு பணத்துக்கு ஜோடி இல்லாமல் போகும். நாளைக்கு ‘பொருள் வரவில்லை’ என்று புகார் வந்தால், 4,000 ரூபாய் பில்லுக்கு எதிரே 500 ரூபாய் மதிப்பு என்று போட்ட கிஃப்ட் சீட்டைத்தான் நீட்ட வேண்டியிருக்கும். கூரியரில் சிஎஸ்பி-5 என்ற, வணிக ஏற்றுமதிக்கான ஷிப்பிங் பில் முறையில் அனுப்பச் சொல்லுங்கள். தபாலில் என்றால் தாக் கர் நிர்யாத் கேந்திரா என்ற அஞ்சலக ஏற்றுமதி மையம் வழியாக ஏற்றுமதிப் படிவத்தோடு அனுப்பலாம். சிறிய பார்சலுக்கு அதுவே மலிவு.

அமெரிக்காவுக்கு ஒரு எச்சரிக்கை. 800 டாலருக்குக் கீழ் சுங்கவரி இல்லை என்ற சலுகை 2025 ஆகஸ்ட் 29 அன்று முடிந்துவிட்டது. வரி யார் கட்டுவது என்று பணம் கட்டும் பக்கத்திலேயே எழுதுங்கள். எழுதாவிட்டால் அவர் பார்சலை வாங்க மறுப்பார், பிறகு சார்ஜ்பேக்கும் போடுவார்.

கல்யாணத்துக்கு முப்பது, நாற்பது சேலை என்று பெரிய ஆர்டர் வந்தால், முன்பின் தெரியாதவரிடம் கார்டில் வாங்க வேண்டாம். உங்கள் கரன்ட் அக்கவுன்ட்டுக்கு நேரடி வங்கிப் பரிமாற்றமாக அனுப்பச் சொல்லுங்கள். ஸ்விஃப்ட் என்ற அந்த வங்கி வழியில் வரும் பணத்துக்கு சார்ஜ்பேக் கிடையாது. தயங்கினால் பாதி முன்பணம், மீதி சரக்கு அனுப்பும் முன் என்று பேசிக்கொள்ளுங்கள்.