அவுட்போர்டு மோட்டாரை எவ்வளவு உயரத்தில் மாட்டுவது?

14 அடி ஃபைபர் படகு, பின்பலகையில் வெளிப்புறமாக மாட்டும் 25 ஹெச்பி மோட்டார் (அவுட்போர்டு). வேகமெடுத்தால் பின்னால் தண்ணீர் சீறியடிக்கிறது, மோட்டாரை ஏற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏற்றலாம், ஆனால் முதலில் அளந்து பாருங்கள்.

படகைக் கரையேற்றி மோட்டாரை நேராக நிறுத்துங்கள். புரொப்பல்லருக்கு மேலே படுக்கைவசத்தில் ஒரு தகடு இருக்கும். நேரான நீளப் பலகை ஒன்றைப் படகின் அடியில் ஒட்டிவைத்துப் பின்னால் நீட்டினால், தகடு அந்தக் கோட்டிலோ ஓர் அங்குலம் மேலேயோ இருக்க வேண்டும். ரொம்பக் கீழே இருந்தால் மோட்டாரின் அடிப்பகுதியில் உள்ள கியர் பெட்டி தண்ணீருக்குள் வீணாக இழுபடும். சீறலும் கூடுதல் பெட்ரோல் செலவும் பெரும்பாலும் அதனால்தான்.

மோட்டாரைச் செயின் பிளாக்கில் தொங்கவிட்ட பிறகே போல்ட்டைக் கழற்றுங்கள். மோட்டார் பிராக்கெட்டில் போல்ட்டுக்கான துளைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். ஒரு தடவைக்கு ஒரு துளை மட்டும் ஏற்றுங்கள், வழக்கமாக முக்கால் அங்குலம். அப்புறம் வழக்கமான சுமையோடு ஓட்டி, திருப்பத்தில் கவனியுங்கள். ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) திடீரென எகிறியும் படகு நகராவிட்டால் புரொப்பல்லர் காற்றை இழுக்கிறது. ஒரு துளை இறக்கிவிடுங்கள். குளிர்விக்கும் தண்ணீர் பீய்ச்சுகிற ஓட்டையிலும் ஒரு கண் இருக்கட்டும். அது மெலிந்தால் இன்ஜின் சூடேறிவிடும்.

போல்ட்டைத் திரும்பப் பூட்டும்போது துளை வழியே தண்ணீர் இறங்காமல் மரைன் சீலன்ட் (தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை) வையுங்கள். நான் ஒருமுறை சோம்பலில் விட்டுவிட்டேன். உள்ளே பிளைவுட் ஊறி, பின்பலகையைத் தட்டினால் பொத்பொத்தென்று சத்தம்.