மழை குறைந்த எங்கள் ஊரில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டப் போகிறார்கள். எந்தத் தொழில்நுட்பம் சரியாக இருக்கும்?

பதினோரு வருடம் பாதாளச் சாக்கடைத் திட்டங்களில் வேலை பார்த்தவன் என்பதால் ஒன்றைக் கேட்டுவிட்டே தொடங்குகிறேன். உங்கள் ஊரில் எத்தனை நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வருகிறது?

பாதாளச் சாக்கடை உள்ள ஊருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது நம் நாட்டு வடிவமைப்புக் கணக்கு. அதில் 80 சதவீதம், அதாவது 108 லிட்டர், சாக்கடைக்கு வரும் என்று வைத்துக்கொள்வார்கள். வாரம் ஒருமுறை தண்ணீர் பிடித்துக் குடத்தில் சேர்த்து வைக்கும் வீட்டில் ஆளுக்கு 50 லிட்டர் கிடைத்தாலே பெரிது. அப்போது சாக்கடைக்கு வருவது 40 லிட்டர்தான். தண்ணீர் குறைந்தாலும் அழுக்கு குறையாது. ஆளுக்கு 27 கிராம் பி.ஓ.டி. (அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) என்று கொண்டால், 108 லிட்டரில் அது லிட்டருக்கு 250 மில்லிகிராம். 40 லிட்டரில் 675!

இங்கே இரண்டு விதமாகத் தவறலாம். 108 லிட்டரை நம்பிக் கட்டினால் தொட்டி பாதி காலியாகக் கிடக்கும், குழாயில் ஓட்டம் இல்லாமல் கழிவு தேங்கி அழுகும். சரி, அளவைக் குறைப்போம் என்று லிட்டரை மட்டும் குறைத்து, 250 என்ற எண்ணை அப்படியே விட்டால், தொட்டியில் இருக்கும் நுண்ணுயிர்களுக்குக் காற்று ஊட்டும் ஊதுபொறிகளின் காற்று போதாது. நான் வேலை பார்த்த ஒரு நகராட்சியில் நடந்தது இரண்டாவது தவறு. நிலையம் ஓடத் தொடங்கி மூன்றாவது மாதமே காற்றூட்டும் தொட்டி கறுத்துப்போனது. சுற்றியிருந்த தெருக்காரர்கள் நாற்றம் தாங்காமல் வாசலில் வந்து நின்றார்கள். அவர்கள் கோபம் நியாயமானது.

தேங்கிய குழாயில் ஹைட்ரஜன் சல்பைடு உருவாகும். அது கான்கிரீட்டை அரிக்கும், உள்ளே இறங்கும் ஆளைக் கொல்லும். அதனால் வறண்ட ஊரில் குழாயின் சரிவையும் விட்டத்தையும் இன்றைய குறைந்த ஓட்டத்துக்கும் சரிபார்த்தே ஆக வேண்டும். முப்பது வருடம் கழித்து வரப்போகும் ஓட்டத்தை மட்டும் பார்த்துப் போடக்கூடாது.

ஜோர்டானின் அஸ்-சம்ரா நிலையத்தைப் பற்றித் தேடிப் படியுங்கள். அம்மான், சர்க்கா நகரங்களின் கழிவுநீரைத் தேக்கிச் சுத்திகரிக்க 1985இல் அங்கே பெரிய பெரிய குட்டைகள் வெட்டினார்கள். மக்கள் பெருகப் பெருகக் குட்டைகள் திணறின. 2008இல் காற்றூட்டும் முறைக்கு மாறியபோது, உள்ளே வரும் பி.ஓ.டி. லிட்டருக்குச் சுமார் 650 மில்லிகிராம் என்று கணக்கில் எடுத்துக் கட்டினார்கள். மேட்டிலிருந்து இறங்கி வரும் கழிவுநீரிலும் கசட்டிலிருந்து கிடைக்கும் எரிவாயுவிலும் தனக்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதியை அந்த நிலையமே எடுத்துக்கொள்கிறது. சுத்தமான நீர் சர்க்கா ஆற்றில் விழுந்து, தலால் மன்னர் அணையில் சேர்ந்து, ஜோர்டான் பள்ளத்தாக்கின் வயல்களுக்குப் போகிறது. அந்த நீருக்குப் போக இடம் இருந்தது என்பதைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன்.

உங்கள் ஊரில் சுத்திகரித்த நீரை யார் வாங்கிக்கொள்வார்கள்? இதை ஒப்பந்தப்புள்ளிக்கு முன்பே விவசாயிகளோடு உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள். மதுரை அவனியாபுரத்தில் சாக்கடை நீரில் மாட்டுப்புல் வளர்த்தது போல, நம் பக்கத்துக்கு இது புதிது இல்லை. ஆனால் உப்பைப் பாருங்கள். வழக்கமான சுத்திகரிப்பு எதுவும் உப்பை எடுக்காது. ஊரே போர்வெல் உப்புத் தண்ணீரைப் புழங்கினால் அது அப்படியே வயலுக்கு வரும். குட்டை என்றால் இன்னும் மோசம். கோடையில் நாளுக்கு 7 மில்லிமீட்டர் ஆவியானால் ஒரு ஹெக்டேர் குட்டையில் தினமும் 70,000 லிட்டர் போய்விடும். நீர் போகும், உப்பு தங்கும். தென்னை ஓரளவு தாங்கும், அவரை தாங்காது.

தொழில்நுட்பம் என்று கேட்டீர்கள். நிலம் மலிவு, ஆள் பலம் குறைவு என்றால் ஆழமான காற்றில்லாக் குட்டையில் (ஆக்சிஜன் இல்லாமலே நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்கும் குட்டை) தொடங்கி, அடுத்த கட்டத்தையும் நீர் அதிகம் ஆவியாகாதபடி பரப்பு குறைவாக அமைக்கலாம். நிலம் இல்லை, மின்சாரம் நிலையாக வரும், நல்ல ஆபரேட்டர் கிடைப்பார் என்றால் காற்றூட்டும் முறை. எதுவானாலும் சித்திரை, வைகாசியில் ஒரு வாரம், இரவு பகல் மணிக்கொரு தரம், சாக்கடை வந்து விழும் இடத்தில் ஓட்டத்தை அளந்து மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். திட்ட அறிக்கையில் அந்த ஆய்வகத் தாள் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று வார்டு கூட்டத்தில் கேளுங்கள். இல்லையென்றால் கையெழுத்தாகும் முன் எழுத்தில் மனு கொடுங்கள்.