பட்டாயா இரவுக் காவல்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

தாய்லாந்தின் பட்டாயாவில், பார்கள் நிறைந்த வாக்கிங் ஸ்ட்ரீட்டில் சுற்றுலாப் போலீசுக்கு உதவியாக இருக்கும் வெளிநாட்டுத் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். வாரத்துக்கு இரண்டு ராத்திரி, இது ஆறாவது வருடம், சம்பளம் கிடையாது. கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்று சொன்னதும் குவிந்துவிட்டன. தெரிந்ததற்குப் பதில் எழுதுகிறேன். "எந்த பார் நல்லா இருக்கும்" என்று கேட்ட எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன், அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

கேள்வி: நீங்கள் நிஜமாகவே போலீஸா சார்? ஆளைப் பிடித்து உள்ளே வைக்க முடியுமா?

இல்லை. நாங்கள் போலீஸ் இல்லை, உதவியாளர்கள். தாய்லாந்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 79வது பிரிவுப்படி சாதாரண ஆள் இன்னொருவரைப் பிடித்து வைக்கலாம் என்றால், கண்ணெதிரே குற்றம் நடந்திருக்க வேண்டும், அதுவும் சட்டத்தின் பின்னிணைப்பில் இருக்கும் குற்றமாக இருக்க வேண்டும். வாரண்டை நிறைவேற்றும் அதிகாரி உதவிக்குக் கூப்பிட்டால் அது வேறு. உங்களுக்கு இருக்கும் அதே உரிமைதான் எங்களுக்கும். அபராதம் போட முடியாது, பையைச் சோதிக்க முடியாது.

என் வேலை முக்கால்வாசி மொழிபெயர்ப்பு. தாய்லாந்து அதிகாரி பக்கத்தில் நிற்பார், அவருக்கு இந்தியோ தமிழோ தெரியாது, எதிரே இருப்பவருக்கு வாயில் வருவது தமிழும் அரைகுறை ஆங்கிலமும். நடுவில் நான். எங்கள் குழுவில் ஜெர்மன் பேசுபவர், ரஷ்யன் பேசுபவர், நார்வேக்காரர் எல்லாரும் இருக்கிறார்கள், பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். 2023 நவம்பரில் இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்று ஆன பிறகு, 2024இல் மட்டும் 20 லட்சத்துக்கு மேல் இந்தியர்கள் தாய்லாந்து வந்தார்கள். அதிலிருந்து எனக்கு உட்கார நேரமில்லை.

கேள்வி: எனக்கு 56 வயது, ரிட்டயர்மென்ட் விசாவில் பட்டாயா பக்கத்து ஜோம்தியனில் இருக்கிறேன். நானும் சேரலாமா?

சேரலாம், ஆனால் நாளைக்கே சீருடை தைக்கக் கொடுக்காதீர்கள். 50 வயதும் வங்கியில் 8 லட்சம் பாட் (தாய்லாந்துப் பணம்) இருப்பதும் காட்டி வாங்கிய விசா, இங்கே வாழ்வதற்கு மட்டும்தான். தாய்லாந்தில் காசு வாங்காமல் செய்யும் வேலையும் வேலைதான், அதற்கும் ஒர்க் பெர்மிட் வேண்டும். சேர்க்கும் அதிகாரிகளிடம் முதலில் அதைக் கேளுங்கள். நேர்காணல் இருக்கும், உங்கள் மேல் வழக்கு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சீருடைச் செலவு நான் என் கையிலிருந்து போட்டதுதான்.

இன்னொன்றையும் யோசித்துக்கொள்ளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு, வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும் இருபது வயதுப் பையனின் தலையைப் பிடித்துக்கொண்டு, அவன் பையில் இருக்கும் ஹோட்டல் சாவியைத் தேடச் சொன்னால் உங்களால் முடியுமா? முடியும் என்றால் வாருங்கள், ஆள் தேவைதான்.

கேள்வி: அண்ணா, போன மாதம் ஆறு பேர் போனோம். ஒரு பாரில் நண்பன் சும்மா விளையாட்டுக்கு மணி அடித்தான். பில் எக்கச்சக்கமாக வந்தது. ஏமாற்றிவிட்டார்கள்தானே?

ஏமாற்றவில்லை தம்பி. இதை நான் எத்தனையோ முறை சொல்லியாயிற்று, ஆனாலும் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் என் ராத்திரிகளில் பாதியை இந்த மணிதான் தின்கிறது.

இங்குள்ள பீர் பார்களில் கல்லாப் பக்கம் ஒரு மணி தொங்கும், நாக்கில் கயிறு கட்டியிருக்கும். அதை அடித்தால் அந்த நிமிடம் பாரில் இருக்கும் எல்லாருக்கும், வேலை செய்யும் பெண்களையும் சேர்த்து, ஒரு ரவுண்டு நான் வாங்கித் தருகிறேன் என்று அர்த்தம். இது பழைய வழக்கம், ஊரே அறிந்தது. இருபத்தைந்து பேர் இருந்தால் இருபத்தைந்து கிளாஸ்.

பில் எப்படிப் போடுகிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் முன்னால் ஒரு சின்னக் குவளை வைப்பார்கள். ஏதாவது கொண்டுவரும் ஒவ்வொரு முறையும் ஒரு சீட்டைச் சுருட்டி அதில் செருகிவிட்டுப் போவார்கள். கடைசியில் "செக் பின்" என்றால் அதையெல்லாம் கூட்டுவார்கள். நம் ஆட்கள் அந்தக் குவளையைத் திரும்பியே பார்ப்பதில்லை. ஒவ்வொரு சீட்டு விழும்போதும் எடுத்துப் பாருங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒரு ராத்திரி ஏழு பையன்கள், உங்களைப் போலத்தான், மேசையைத் தட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். கேஷியர் அம்மா முகம் இறுகி நின்றிருந்தார், பின்னால் நான்கு ஆட்கள் சேர ஆரம்பித்துவிட்டார்கள். நான் குவளையைக் கவிழ்த்து, சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து கவுண்டரில் வரிசையாக வைத்தேன். பீரில் நனைந்து இரண்டு சீட்டு ஒட்டியிருந்தன, நகத்தால் பிரிக்க வேண்டியிருந்தது. அந்த இரண்டும் அடுத்த மேசையின் சீட்டு. கேஷியர் அம்மா பார்த்தார், கை கூப்பினார், தொகையைக் குறைத்தார். மணிக்கான பணத்தைப் பையன்கள் கட்டித்தான் ஆக வேண்டியிருந்தது, கட்டினார்கள். மொத்தம் இருபது நிமிடம். அந்தக் கத்தல் இன்னும் ஐந்து நிமிடம் நீண்டிருந்தால் அடிதடியாகியிருக்கும், ஏழு பேருக்கும் சோய் 9 போலீஸ் ஸ்டேஷனில்தான் விடிந்திருக்கும்.

தாய்லாந்தில் குரலை உயர்த்தினால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் போய்விடும். "ஜாய் யென் யென்" என்று இங்கே சொல்வார்கள், மனசைக் குளிர வை என்று பொருள். இந்த ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டு விமானம் ஏறுங்கள்.

கேள்வி: பீச் ரோட்டில் திருநங்கைகள் கட்டிப்பிடித்து செயினை அறுத்துக்கொண்டு போகிறார்களாமே, அவர்கள் எல்லாரும் திருடர்கள்தானா?

செயின் போவது உண்மை. கடற்கரைச் சாலையில் விடியற்காலை, குடித்துவிட்டுத் தனியாக நடக்கும் இந்தியர், கழுத்தில் தடிச் செயின். இரண்டு பேர் சிரித்துக்கொண்டே வந்து தோளில் கை போடுவார்கள், ஐந்து வினாடி, அவ்வளவுதான். இவர் ஹோட்டலுக்குப் போய்க் கழுத்தைத் தடவிப் பார்க்கும்போதுதான் தெரியும்.

ஆனால் "எல்லாரும்" என்று எழுதாதீர்கள், எனக்குப் பிடிக்கவில்லை. இந்த ஊரில் கடையில், ஹோட்டலில், சலூனில் எவ்வளவோ திருநங்கைகள் கௌரவமாக உழைக்கிறார்கள். எனக்குத் தாய்லாந்து மொழி சொல்லிக்கொடுத்தவரே அவர்களில் ஒருவர்தான். தங்கத்தை ஊரில் வைத்துவிட்டு வாருங்கள், விஷயம் முடிந்தது.

கேள்வி: ஜெட் ஸ்கீ எடுத்தோம், திரும்பி வந்ததும் கீறல் என்று சொல்லிப் பெரிய தொகை கேட்டார்கள். பாஸ்போர்ட் அவர்களிடம் இருந்ததால் கொடுத்துவிட்டு வந்தோம்.

உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. பாஸ்போர்ட்டை எதற்கு அவர்களிடம் கொடுத்தீர்கள்? பாஸ்போர்ட்டை யாரிடமும் அடகு வைக்காதீர்கள். ஏறுவதற்கு முன் வண்டியைச் சுற்றி, அடிப்பக்கமும் சேர்த்து, உரிமையாளர் முகம் தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள். அப்படி எடுத்தாலே பாதிப் பேர் "வண்டி இல்லை" என்று சொல்லிவிடுவார்கள், அதுவும் நல்லதுதான். தகராறு வந்தால் அங்கேயே நின்று 1155க்கு அடியுங்கள், சுற்றுலாப் போலீசின் எண், ஆங்கிலத்தில் பேசலாம்.

கேள்வி: ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்க பாஸ்போர்ட் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

மேலே பாருங்கள். முன்பணம் வாங்கும் கடைக்குப் போங்கள். இருசக்கர வாகனத்துக்குச் செல்லும் சர்வதேச உரிமம் இல்லாமல் ஓட்டாதீர்கள், விபத்தானால் இன்சூரன்ஸ்காரன் கை விரித்துவிடுவான்.

கேள்வி: வேப் (மின் சிகரெட்) கொண்டு வரலாமா?

கூடாது. 2014 முதல் இறக்குமதிக்குத் தடை. வைத்திருந்தாலும் 5 ஆண்டு வரை சிறை என்று சட்டத்தில் இருக்கிறது. ரோட்டில் எல்லாரும் ஊதுகிறார்களே என்று என்னிடம் வாதாட வேண்டாம்.

கேள்வி: கஞ்சா?

2022 ஜூனில் தடையை எடுத்தார்கள், 2025 ஜூனில் மருந்துச் சீட்டு வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள். ஊருக்குப் பையில் எடுத்துப் போய் இந்திய விமான நிலையத்தில் மாட்டியவர்களின் வீட்டார் எனக்குப் போன் செய்கிறார்கள். நான் பட்டாயாவில் இருக்கிறேன், என்னால் அங்கே ஒன்றும் செய்ய முடியாது.

கேள்வி: நேராகவே கேட்கிறேன். ஊர் விட்டு ஊர் வந்த வெள்ளைக்காரனும் இந்தியனும் கருப்புச் சட்டை போட்டுக்கொண்டு தாய்லாந்து மண்ணில் அதிகாரம் பண்ணுவது அசிங்கமாக இல்லையா? என் மைத்துனரை ஒரு வெளிநாட்டுக்காரர் நிறுத்தி பாஸ்போர்ட் காட்டச் சொல்லி மிரட்டியிருக்கிறார்.

உங்கள் மைத்துனருக்கு நடந்தது தப்பு. தன்னார்வலர் தனியாக வந்து பாஸ்போர்ட் கேட்டால், "தாய்லாந்து அதிகாரியைக் கூப்பிடுங்கள்" என்று அமைதியாகச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. தெருவில் காசு கேட்டால் கொடுக்காதீர்கள், ஸ்டேஷனுக்குப் போகலாம் என்று சொல்லுங்கள், ரசீது கேளுங்கள்.

அசிங்கமா என்று கேட்டீர்களே, அதற்கும் சொல்கிறேன். எங்கள் சட்டை முதுகில் சுற்றுலாப் போலீஸ் என்பது பெரிய எழுத்தில் இருக்கிறது, தன்னார்வலர் என்பது சின்ன எழுத்தில். எனக்கு இதில் ஆரம்பத்திலிருந்தே உடன்பாடில்லை, கூட்டத்திலும் சொல்லியிருக்கிறேன். இடுப்பில் விலங்கு மாட்டிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். ஊரில் ஒன்றுமில்லாமல் இருந்துவிட்டு இங்கே ஒரு சட்டை கிடைத்ததும் தலை கால் புரியாமல் ஆடுபவர்கள் உண்டு, அப்படிப்பட்டவர்கள் நீடிப்பதில்லை. நான் விலங்கு வைத்துக்கொள்வதில்லை. டார்ச், தண்ணீர் பாட்டில், குறிப்பேடு, அவ்வளவுதான் என் இடுப்பில்.

இதற்கு சிங்கப்பூரிலிருந்து ஒரு நர்ஸ் எழுதியது: என் அப்பாவுக்கு அங்கே நெஞ்சுவலி வந்தபோது ஒரு தன்னார்வலர்தான் 1669க்கு அடித்து ஆம்புலன்ஸ் வரவழைத்து, விடியும் வரை ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தார். இவர்களை மொத்தமாகத் திட்டாதீர்கள்.

நன்றி அம்மா. அப்பாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

மைத்துனர்காரர் மறுபடி: ஒரு நல்லவர் இருப்பதால் முறை சரியாகிவிடுமா? மொழி தெரிந்த ஆள் வேண்டும் என்றால் தாய்லாந்து அரசாங்கம் சம்பளம் கொடுத்து வைக்கட்டுமே!

வைக்கட்டும், நானே முதல் ஆளாகச் சட்டையைக் கழற்றிக் கொடுக்கிறேன். 2017இல் சுற்றுலாப் போலீசைத் தனிப் பெரும் பிரிவாக உயர்த்தினார்கள், அதனால் கவனிப்பு கூடியது. ஆனால் ஒரே தெருவில் ஒரே ராத்திரியில் ரஷ்யனும் இந்தியும் கொரியனும் அரபியும் வந்து இறங்குகிற ஊர் இது. வியட்நாம் போர்க்காலத்தில் ஊத்தப்பாவ் விமானத் தளத்து அமெரிக்கச் சிப்பாய்கள் ஓய்வெடுக்க வந்து வளர்ந்த மீனவர் கிராமம், இன்றைக்கும் வெளியாள் காசில்தான் ஓடுகிறது. 2023 டிசம்பரிலிருந்து கேளிக்கை விடுதிகள் விடிய நான்கு மணி வரை திறந்திருக்கலாம் என்றும் ஆகிவிட்டது. இத்தனை மொழிக்கும் இத்தனை நேரத்துக்கும் எங்கே ஆள் எடுப்பது?

நீங்கள் சொல்வதில் ஒன்றை முழுசாக ஒத்துக்கொள்கிறேன். வெளிநாட்டு ஆள் தாய்லாந்துக்காரரை விரட்டக் கூடாது. பூ விற்கும் பாட்டியை, தள்ளுவண்டிக்காரரை எங்கள் ஆட்களில் ஒருவர் அதட்டினார் என்றால் அன்றைக்கே அவரை அனுப்பிவிட வேண்டும். எங்கள் வேலை வந்திறங்கும் விருந்தாளியோடு மட்டும்.

இன்னும் ஒன்பது பேர் இந்த விவாதத்தில் கலந்துகொண்டு எழுதியிருக்கிறார்கள், இரண்டு பேர் கெட்ட வார்த்தையில். இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கேள்வி: பாஸ்போர்ட்டை ஒரு பாரில் அடகு வைத்துவிட்டு வந்துவிட்டேன்...

பாரிலுமா? 1155க்கு அடியுங்கள், இப்போதே. தொலைந்தேவிட்டது என்றால் போலீசில் புகார் எழுதி நகல் வாங்கிக்கொண்டு, பாங்காக்கில் சுகும்வித் 23இல் இருக்கும் இந்தியத் தூதரகத்துக்குப் போங்கள். புகார் தாளில் தாய்லாந்து மொழியில் இருப்பதைப் படித்துச் சொல்ல ஆள் வரும் வரை கையெழுத்துப் போடாதீர்கள். பாஸ்போர்ட் பற்றி இதற்கு மேல் பதில் எழுதப் போவதில்லை.

கேள்வி: பெண்கள் விஷயத்தில் ரேட் எல்லாம்...

சொல்ல மாட்டேன். 1996ஆம் வருடச் சட்டப்படி விபச்சாரம் இங்கே குற்றம். பதினெட்டுக்குக் கீழே இருப்பதாகத் தோன்றும் யாரையாவது யாராவது அழைத்துப் போவதைப் பார்த்தால் போலீஸ் எண் 191க்குச் சொல்லுங்கள். இந்த ஒரு விஷயத்தில் என்னிடம் பொறுமை கிடையாது.

கேள்வி: என் மகன் நண்பர்களோடு முதல்முறை வருகிறான், 22 வயது. ஒரு அம்மாவாக அவனிடம் என்ன சொல்லி அனுப்பட்டும்?

தங்கம் வேண்டாம், சண்டை வேண்டாம், ராஜா படம் போட்ட பாட் நோட்டைக் கூட மிதிக்க வேண்டாம், அரச குடும்பத்தைப் பற்றி வாய் திறக்க வேண்டாம். அவர்களை அவமதித்தால் இங்கே 3 முதல் 15 வருடம் வரை சிறை.

அப்புறம் ஹோட்டல் கார்டு. வரவேற்பில் கேட்டால் தருவார்கள், ஹோட்டல் பெயர் தாய்லாந்து எழுத்தில் அச்சடித்திருக்கும். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். போன மழைக்காலத்தில் ஒரு பெரியவர், அறுபது இருக்கும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாலி ஹாய் படகுத்துறைப் பக்கம் உட்கார்ந்திருந்தார். கம்பெனிக்காரர்கள் கூட்டிவந்த டூர், கூட வந்தவர்கள் எங்கே போனார்கள் என்று தெரியாது, போனில் சார்ஜ் இல்லை. ஹோட்டல் பெயர் கேட்டால் "வாசலில் யானை இருக்கும் தம்பி" என்கிறார். பட்டாயாவில் வாசலில் யானை வைக்காத ஹோட்டல் எது? அறைச் சாவி அட்டை இருந்தது, அதில் பெயர் இல்லை.

அவரை பைக்கில் பின்னால் உட்கார வைத்து, தூறலில், செகண்ட் ரோடு முழுக்க ஒவ்வொரு யானையாகக் காட்டினேன். பதினொன்றாவது யானையில் என் தோளைத் தட்டினார்.