பிரிட்டிஷ் வரலாறு, சமூகம், பண்பாடு இதையெல்லாம் சின்னச் சின்னக் கட்டுரைகள் படித்தே தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். நீங்கள் பிரிட்டனுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், நிரந்தரமாகத் தங்கவும் குடியுரிமை வாங்கவும் எழுத வேண்டிய ‘லைஃப் இன் த யூகே’ தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 45 நிமிடத்தில் 24 கேள்வி, 18 சரியாக இருந்தால் பாஸ். அதற்கு மட்டும் என்றால் கையேடே போதும். ஆனால் சமூகம், பண்பாடு என்றும் கேட்டிருக்கிறீர்களே, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் மனைவி நர்ஸ். அவள் வேலைக்காக எட்டு வருடத்துக்கு முன்னால் வடமேற்கு இங்கிலாந்தில் லங்காஷயர் பக்கம் வந்தோம். எனக்கு ஒரு கேர் ஹோமில், அதாவது முதியோர் இல்லத்தில், வேலை கிடைத்தது. மூன்றாவது மாதம், எண்பது தாண்டிய ஒரு பாட்டியின் அறையைச் சுத்தம் செய்தேன். கட்டிலோரத்து மேசையின் இழுப்பறையைத் திறந்தால் உள்ளே முழுக்கச் சீனிப் பாக்கெட். டீயோடு தருவார்களே, அந்தச் சின்னக் காகிதப் பாக்கெட். பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு அடுக்கியிருந்தார். சிலது ஈரம் பட்டுக் கல்லாகியிருந்தது. எல்லாவற்றையும் அள்ளிக் குப்பைப் பையில் போட்டுவிட்டேன்.

சாயங்காலம் அவர் இழுப்பறைக்குள் கையை விட்டுத் துழாவித் துழாவி அழுதார். சத்தமே இல்லை. ராத்திரி சாப்பிடவும் இல்லை. கூட வேலை செய்த அம்மா ஒருவர், “அவங்க ரேஷன் காலத்து ஆளு” என்று மட்டும் சொன்னார்.

ரேஷனா, இந்த நாட்டிலா? அன்றைக்கு நைட் ஷிப்ட் இடைவேளையில் போனில் தேடினேன். பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதிய இரண்டு பக்கக் கட்டுரை ஒன்று கிடைத்தது. உணவில் பெரும்பகுதி கப்பலில் வந்து இறங்கிய நாடு இது. போர் வந்ததும் 1940 ஜனவரி 8-இல் ரேஷன் தொடங்கியிருக்கிறது. பெரும்பாலான காலம் ஆளுக்கு வாரத்துக்குச் சீனி கால் கிலோவுக்கும் குறைவு, டீத்தூள் ஐம்பத்தைந்து கிராம் சொச்சம். நம் ஊர் ரேஷன் கார்டு மாதிரியே ஒரு கடையில் பெயரைப் பதிந்து அங்கேதான் வாங்க வேண்டும். என்னை உட்கார வைத்தது அடுத்த வரிதான்: போர் 1945-இல் முடிந்தும் ரேஷன் முடியவில்லை. போர்க்காலத்தில்கூடக் கட்டுப்பாடு இல்லாத ரொட்டிக்கு 1946 முதல் 1948 வரை ரேஷன். கடைசியாக இறைச்சிக்கு ரேஷனை நீக்கியது 1954 ஜூலையில், சீனிக்கு 1953 செப்டம்பரில். பாட்டி பிறந்தது 1936. கணக்குப் போட்டுப் பாருங்கள், விவரம் தெரிந்த நாளிலிருந்து பதினாறு பதினேழு வயது வரை அளந்த சீனிதான்.

மறுநாள் பத்துப் பாக்கெட்டை ரப்பர் பேண்டு போட்டு அவர் கையில் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை, லவ்” என்றார். இங்கே எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அப்புறம் கட்டுரையில் படித்த ஒன்றைக் கேட்டேன். 1949 ஏப்ரலில் மிட்டாய் ரேஷனை எடுத்துவிட்டு, கூட்டம் தாங்காமல் ஆகஸ்ட்டிலேயே திரும்பக் கொண்டுவந்தார்களாமே? அவர் முகமே மாறிவிட்டது. தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வரிசையில் நின்றதையும், தங்கள் முறை வந்தபோது பெப்பர்மின்ட் மட்டும் மிஞ்சியிருந்ததையும் அரைமணி நேரம் சொன்னார். மிட்டாய் தாராளமாகக் கிடைத்தது 1953 பிப்ரவரிக்குப் பிறகுதான்.

“இரண்டு பக்கம் படித்துவிட்டு வரலாறு பேசுகிறான்” என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: நான் வரலாற்று ஆய்வாளன் இல்லை, அப்படிச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. அதே போர்க்காலத்தில், 1943-இல், இதே அரசின் ஆட்சியில் வங்காளத்தில் லட்சக்கணக்கான பேர் பஞ்சத்தில் செத்தார்கள். அதுவும் எனக்குத் தெரியும். அந்தக் கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை, நான்தான் தனியாகத் தேடிப் படித்தேன். சின்னக் கட்டுரையில் இந்தக் குறை உண்டு. அதற்காகப் படிக்காமலே இருக்கச் சொல்வீர்களா?

இதையும் சொல்லிவிடுகிறேன். எம்.காம். படித்துவிட்டு லண்டனில் போய்க் கிழவிகளுக்குக் கால் கழுவுகிறான் என்று ஊரில் ஒரு கல்யாணப் பந்தியில் என் சொந்தக்காரர் ஒருவர் சொன்னார். என் அம்மா காதுபடச் சொன்னார். நான் இருப்பது லண்டனும் இல்லை. அம்மா அன்றைக்குப் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிட்டார். கேட்டவர் இதைத்தானா கேட்டார் என்பீர்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ராஜா ராணி வரிசையில் ஆரம்பிக்காதீர்கள். உங்கள் தெருவில் கண்ணில் படுவதில் ஆரம்பியுங்கள். ‘கோ-ஆப்’ என்ற கூட்டுறவுக் கடை ஊருக்கு ஊர் இருக்கிறதே, அதைத் தேடிப் பாருங்கள். 1844 டிசம்பர் 21-இல் மான்செஸ்டர் பக்கத்து ஊரான ரோச்டேலில் டோட் லேன் என்ற தெருவில் நெசவாளிகளும் மற்ற தொழிலாளிகளும் சேர்ந்து ஒரு கடை திறந்தார்கள். விற்றது வெண்ணெய், சீனி, மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி. வாங்கிய அளவுக்கு ஏற்ப லாபத்தில் பங்கு உண்டு, அதை இங்கே ‘டிவ்வி’ என்பார்கள். இதைப் படித்துவிட்டுப் பாட்டியிடம் கேட்டேன். அவர்கள் ரேஷன் புத்தகம் பதிந்திருந்ததும் கோ-ஆப்பில்தானாம். டிவ்வி கணக்கில் சேர, கடைக்குப் போகும் பிள்ளை அம்மாவின் எண்ணைச் சொல்ல வேண்டும். என் பெயர் அவருக்கு நினைவு வராத நாளிலும் கேட்டால் அந்த எண்ணைத் தடுமாறாமல் சொல்கிறார்.